பழைய கரி கிரில்லும் பர்பனும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவுக்கு வடமேற்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். எங்கள் கராஜில் கார் நிற்க இடமில்லை, அங்கே ஒன்பது பழைய வெபர் கெட்டில்கள், அதாவது மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்புகள், நிற்கின்றன. வீட்டுக்குள் ஒரு அலமாரியில் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, இருபது சொச்சம் பாட்டில்கள். வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கேள்வி கேட்பார்கள், அடுத்த மாதமே போன் போட்டு "ஒரு கிரில் விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா" என்பார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"துருப்பிடிச்ச அடுப்பைக் காசு கொடுத்து வாங்குறியே, கடையில புதுசு கிடைக்காதா?"

கிடைக்கும். புதுசும் நன்றாகத்தான் சமைக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது வருஷம் வெயிலிலும் பனியிலும் கிடந்த கெட்டிலை 20 டாலருக்கு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தால் உள்ளே இருந்து பளபளவென்று ஒரு சிவப்போ பச்சையோ வெளியே வரும் பாருங்கள், அந்த நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு பாடும். அந்த நிறம் பெயிண்ட் இல்லை, எனாமல். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைத் தூவி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டவைப்பது. நம் வீடுகளில் முன்பு இருந்த எனாமல் தட்டு, டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெளுக்காது. எங்காவது சில்லு பெயர்ந்தால்தான் அங்கிருந்து துரு ஏறும்.

"கெட்டில்னா டீ போடுறதுதானே, இந்த உருண்டைக்கு ஏன் அந்தப் பேரு?"

பார்க்க மூக்கில்லாத கெட்டில் மாதிரி இருப்பதால்தான். 1952இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற தகரப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஜார்ஜ் ஸ்டீபன். அப்போதைய அமெரிக்கப் புழக்கடை அடுப்புகள் திறந்த தட்டுகள். காற்று அடித்தால் சாம்பல் கறி மேல் பறக்கும், கொழுப்பு சொட்டினால் தீ குபுகுபுவென்று எழும்பும், மழை வந்தால் கதை முடிந்தது. பட்டறையில் நீர்நிலைகளில் மிதக்கவிடும் மிதவைகளுக்காக இரும்பு உருண்டைகள் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒன்றை இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதிக்குக் காலும் மேல்பாதிக்குக் கைப்பிடியும் வைத்தார் மனிதர். மூடியதும் தீ அணைந்துவிட்டது என்றும், பக்கத்து வீட்டுக்காரர் "ஓட்டை போடுப்பா, காத்து வேணாமா" என்று சொன்ன பிறகுதான் காற்றுத்துளை வந்தது என்றும் ஒரு கதை உண்டு. பிற்பாடு அந்த நிறுவனத்தையே வாங்கினார். வெபர் தலைமையகம் இன்றும் எங்கள் பக்கம் பாலடைனில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பழைய கெட்டில் மேல் விழலாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூடி என்பது மழைக்கு மறைப்பு மட்டுமில்லை. கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, நடுவில் மூடிய உருண்டை என்றால் அது சூளை மாதிரி. துளையைத் திறந்தால் சூடு ஏறும், குறுக்கினால் இறங்கும். எழுபது வருஷமாகியும் இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை.

"பர்பன்னா என்ன சார், விஸ்கிதானே?"

விஸ்கிதான், ஆனால் சட்டம் கட்டிய வேலிக்குள் இருக்கிற விஸ்கி. அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். ஊறவைக்கும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். மீதி பெரும்பாலும் ரை என்ற தானியம், பார்லி, சிலதில் ரைக்குப் பதில் கோதுமை. உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். காய்ச்சி எடுக்கும்போது 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டக்கூடாது, பீப்பாயில் ஊற்றும்போது 62.5ஐத் தாண்டக்கூடாது, பாட்டிலில் 40க்குக் குறையக்கூடாது. தண்ணீர் தவிர வேறு எதையும், நிறத்துக்கென்றுகூட, சேர்க்கக்கூடாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் இது நம் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானமே போட்டது.

கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பது தப்பு. அமெரிக்காவில் எங்கே செய்தாலும் பர்பன்தான். பெரும்பகுதி கென்டக்கியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். அந்த மாநிலத்தில் ஆட்களைவிட பீப்பாய்கள் பல மடங்கு அதிகம்.

"ஜாக் டேனியல்ஸ் பர்பனா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு மச்சி."

ஒரே வார்த்தையில் முடியாது மச்சி. மேலே சொன்ன விதிகளை அது ஏறக்குறைய எல்லாம் நிறைவேற்றுகிறது. ஆனால் பீப்பாயில் ஊற்றும் முன்னால் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிகட்டுகிறார்கள். அதனால் தங்களை டென்னசி விஸ்கி என்று சொல்லிக்கொள்கிறார்கள், பர்பன் என்று சொல்வதில்லை. இந்த ஒரு கேள்வியில் விருந்துகள் சண்டையில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"அடுப்புக்கும் சரக்குக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டையும் ஏன் சேர்த்தே பேசுறீங்க?"

கரி. பீப்பாயின் உள்சுவரை ஒரு நிமிஷத்துக்குள் தீ வைத்துக் கருக்குவார்கள். நன்றாகக் கருக்கினால் பலகை முதலைத் தோல் மாதிரி வெடித்து நிற்கும், அதற்குப் பெயரே முதலைக் கருக்கல். கரிக்கு அடியில் மரத்திலிருக்கும் சர்க்கரை சூட்டில் பழுப்பாகியிருக்கும். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் உடைந்து வெனிலா வாசனை தரும் வெனிலினாக மாறியிருக்கும். கோடையில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். இப்படி வருஷக்கணக்கில் உள்ளே வெளியே போனால்தான் தண்ணி நிறத்தில் இருந்தது செம்பு நிறமாகும். பர்பனின் நிறம் மொத்தமும் அந்தப் பலகை கொடுத்ததுதான்.

என் மூக்குக்குச் சுட்ட கறியும் பர்பனும் பொருந்துவது இதனால்தான். இரண்டிலும் தீய்ந்த மரம் இருக்கிறது. தவிர, இரண்டு பொழுதுபோக்கும் ஒரே மாதிரிக் கெட்டுப்போகின்றன. பயன்படுத்துகிறவர் கையை விட்டு விலை பேசுகிறவர் கைக்குப் போகும்போது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

"பழைய கிரில்லை எங்கே போய்த் தேடுறது?"

மே மாதம் பிறந்ததும் வீட்டு வாசல்களில் கராஜ் சேல் போடுவார்கள், வயதானவர் இறந்த வீட்டில் எஸ்டேட் சேல் நடக்கும், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் "பழைய பார்பிக்யூ, எடுத்துட்டுப் போனா போதும்" என்று மங்கலான ஒரு படம் வரும். அந்த மங்கலான படம்தான் நல்ல சகுனம். நாலு பக்கமும் படம் எடுத்து "அபூர்வ விண்டேஜ்" என்று போட்டிருப்பவர் விலையும் அபூர்வமாகத்தான் சொல்வார். குப்பை எடுக்கும் நாளுக்கு முந்தைய மாலை தெருவை ஒரு சுற்று வருவதும் உண்டு. என் இரண்டாவது கெட்டில் அப்படித்தான் கிடைத்தது. இலவசம், கால் மட்டும் இரண்டுதான் இருந்தது.

இன்னொன்று. விற்பவர் வயதானவராக இருந்தால் பத்து நிமிஷம் நின்று பேசுங்கள். எந்த வருஷம் வாங்கினார், யார் சமைத்தார் என்று கதை வரும், அந்தத் தகவல் வேறெங்கும் கிடைக்காது.

"மூடிக்குள்ள பெயிண்ட் உரியுது, செதில் செதிலா விழுது, விஷம் இல்லையே?"

எனக்கு வரும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். உள்ளே பெயிண்டே கிடையாது, வெளியே போலவே உள்ளேயும் எனாமல்தான். உரிவது வருஷக்கணக்கில் படிந்த கொழுப்பும் புகையும் காய்ந்து கரியானது. அலுமினியத் தாளைக் கசக்கிப் பந்தாக்கித் தேய்த்தால் உதிர்ந்துவிடும். உணவில் விழாமல் இருக்கச் சமைக்கும் முன் தட்டிவிடுங்கள், அது போதும்.

வெளிப்பக்கத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு. பிடிவாதமான பிசுக்குக்கு மிக மெல்லிய எஃகு நார். ஓவன் துடைக்கும் ஸ்பிரேயை மட்டும் அலுமினியப் பாகங்களில் அடிக்காதீர்கள். அதில் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும், எனாமலை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். என் முதல் கெட்டிலின் மூடித் துளைத் தகடும் சாம்பல் தட்டும் அப்படித்தான் கன்னங்கரேல் என்று ஆயின. அடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போனவன் நான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

"என் கெட்டில் எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மூடி மேலே இருக்கும் காற்றுத்துளைத் தகட்டைப் பாருங்கள், நாங்கள் வென்ட் என்போம். 70களின் இறுதியிலிருந்து அதில் ஆங்கில எழுத்து பொறிக்க ஆரம்பித்தார்கள், அந்த எழுத்து தயாரித்த வருஷத்தைச் சொல்லும். எந்த எழுத்து எந்த வருஷம் என்ற பட்டியல் சேகரிப்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும். எழுத்தே இல்லை என்றால் அதற்கும் முந்தையதாக இருக்கலாம், அல்லது யாரோ வென்ட்டை மாற்றியிருக்கலாம்.

அதனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். கைப்பிடி மரமா பிளாஸ்டிக்கா? மரம் பழசு. கிண்ணத்தின் அடியில் மூன்று துளைகளுக்கும் தனித்தனியாகத் திருகும் தகடு இருந்தால் 80களில் வந்த ஒன்-டச் அமைப்புக்கு முந்தையது. ஒரே நெம்புகோலில் மூன்றும் திறந்து மூடி, சாம்பலையும் பெருக்கித் தள்ளினால் ஒன்-டச். மூடியையும் கிண்ணத்தையும் வெவ்வேறு கெட்டிலிலிருந்து சேர்த்து "முழு செட்" என்று விற்பவர்கள் உண்டு. மூடியில் இருக்கும் எழுத்து மூடியின் வயசைத்தான் சொல்லும். "அறுபதுகளின் அசல்" என்று ஒருவர் என்னிடம் விற்றதன் கிண்ணம் ஒன்-டச். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"எந்தக் கலருக்கு மவுசு அதிகம்?"

கறுப்பு எங்கும் கிடைக்கும். சிவப்பும் தேடினால் கிடைக்கும். பச்சை, நீலம், சாக்லேட் பழுப்பு, மஞ்சள் என்று போகப்போக விலை ஏறும். செம்பும் பழுப்புமாக ஒன்றில் ஒன்று மங்கிக் கலக்கும் வெஸ்டர்னர் என்ற வகைக்காகச் சிலர் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டுவார்கள். என்னிடம் அது இல்லை, வேண்டும் என்று கேட்காமலும் இல்லை. ஒரு எச்சரிக்கை: அடுப்புக்கு அடிக்கும் ஸ்பிரே பெயிண்ட் போட்டு நிறம் மாற்றி விற்பதும் நடக்கிறது. நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் பெயரும், எனாமல் பெயராது. 2022இல் எழுபதாம் ஆண்டுக்காக வெபரே பழைய தோற்றத்தில் ஒன்று வெளியிட்டது. அழகுதான், ஆனால் அது பழசு இல்லை, பழசு என்று சொல்லி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

"வெபர் ஒண்ணுதான் சேகரிக்கணுமா, வேற கிடையாதா?"

நிறைய உண்டு. தெற்குப் பக்கம் போனால் பி.கே. என்கிற போர்ட்டபிள் கிச்சன். 1950களில் டெக்சஸில் தொடங்கி அப்புறம் ஆர்கன்சா போனது. பெட்டி வடிவம், கனமான வார்ப்பு அலுமினியம், துருவே பிடிக்காது. காந்தம் கொண்டுபோங்கள், ஒட்டினால் அது பி.கே. இல்லை. ஓக்லஹோமாவின் துல்சாவில் 1948இல் பிறந்த ஹேஸ்டி-பேக்கில் கரித்தட்டையே கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கலாம். ஜப்பானிய கமாடோ என்ற மண்பானை அடுப்புகளைப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள், அந்த வழியில் 1974இல் அட்லாண்டாவில் வந்ததுதான் பிக் கிரீன் எக். பழைய கமாடோவை வாங்கினால் விரிசல் பார்த்து வாங்குங்கள், தூக்குவதற்கு மச்சானையும் கூட்டிப்போங்கள்.

"எந்த நிலையில இருந்தா வாங்காம திரும்பி வரணும்?"

கிண்ணத்தின் அடியில் துரு ஓட்டை விழுந்திருந்தால் திரும்பி வாருங்கள். சாம்பலை அள்ளாமல் விட்டு மழைத் தண்ணி சேர்ந்தால் அந்தச் சாம்பல் கஞ்சி காரமாகி மெல்ல மெல்ல அரிக்கும், அடிப்பக்கம்தான் முதலில் போகும். மூடி வட்டம் கோணலாகி, மூடினால் ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் வேண்டாம், சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. கம்பித்தட்டு, சக்கரம், கால், கைப்பிடி எல்லாம் மாற்றிக்கொள்ளலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள். விளிம்பில் சின்னச் சின்னச் சில்லுகள் எல்லாப் பழசிலும் இருக்கும்.

"எந்தக் கரி நல்லது, அச்சுக்கரியா கட்டைக்கரியா?"

அச்சுக்கரி, அதாவது பிரிக்கெட், ஒரே அளவாக ரொம்ப நேரம் எரியும். கட்டைக்கரி சீக்கிரம் சூடேறும், சாம்பல் குறைவு, ஆனால் ஒரு மூட்டையில் கால்வாசி தூளாக இருக்கும். கெட்டிலில் மூன்று மணி நேரச் சமையல் என்றால் நான் பிரிக்கெட்தான். கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு இல்லையா, அவருடைய மாடல்-டி காருக்கு மரம் அறுத்த மிச்சத்தைக் கரியாக்கி விற்றதிலிருந்துதான் கிங்ஸ்ஃபோர்டு கரி வந்தது. தொழிற்சாலை இருந்த மிச்சிகன் ஊருக்கே அந்தப் பெயர்.

மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் திரவம் வேண்டாம். சிம்னி என்ற தகரக் குழாயில் கரியை நிரப்பி, அடியில் இரண்டு நியூஸ்பேப்பர் பந்து வைத்துக் கொளுத்தினால் இருபது நிமிஷத்தில் கரி சாம்பல் பூத்துவிடும்.

"நாங்க சுத்த சைவம் அண்ணா, எங்களுக்கு இதுல என்ன இருக்கு?"

கத்தரிக்காய் இருக்கிறதே தம்பி. முழுக் கத்தரிக்காயைக் கரி மேல் போட்டுத் தோல் கருகும் வரை சுட்டு, உரித்துப் பிசைந்து கொத்சு செய்து பாருங்கள், கேஸ் அடுப்பில் அந்த வாசம் வராது. மக்காச்சோளக் கதிர் சொல்லவே வேண்டாம். ஆனால் கறி சுட்ட பழைய கிரில் என்று வீட்டில் யோசித்தால், கம்பித்தட்டைப் புதுசாக வாங்கிப் போட்டு முதல் தடவை வெறுமனே ஒரு மணி நேரம் நன்றாக எரியவிடுங்கள்.

"பனி கொட்டுது, கிரில்லை கராஜுக்குள்ள இழுத்துக்கட்டுமா? கதவு திறந்துதான் இருக்கு."

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. சமையல் முடிந்த பிறகும் கனல் இருக்கும் வரை வெளியேதான் இருக்க வேண்டும். சாம்பலை மறுநாள்வரை ஆறவிட்டு, மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டுங்கள். அபார்ட்மெண்ட் பால்கனிகளில் பெரும்பாலும் கரி அடுப்புக்கு அனுமதி கிடையாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

"முதல் பாட்டில் எது வாங்கலாம்? காசு ரொம்பப் போடமாட்டேன்."

ரொம்பப் போடவும் வேண்டாம். மேக்கர்ஸ் மார்க் ஒன்று, வைல்ட் டர்க்கி 101 ஒன்று. முதலாவதில் ரைக்குப் பதில் கோதுமை, அதனால் மெதுவாக, இனிப்பாக இருக்கும். இரண்டாவதில் ரை காரம் உண்டு, 50.5 சதவீதம். அமெரிக்க ப்ரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இரண்டு மடங்கு, அதுதான் அந்த 101. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மடக்கு ஒரு மடக்காகப் பார்த்தால் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதாக லேபிளில் பாட்டில்டு-இன்-பாண்ட் என்று போட்ட ஏதாவது ஒன்று. 1897இல் வந்த சட்டம் அது. அப்போது புகையிலைச் சாறு வரை கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு மேற்பார்வைக் கிடங்கில் குறைந்தது நான்கு வருஷம், சரியாக 50 சதவீதம் என்று அந்த வார்த்தை உறுதி கொடுக்கிறது. எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள் இந்த ரகம். என் அலமாரியில் இருப்பதிலேயே அடிக்கடி காலியாவதும் அதுதான்.

"ராவாத்தான் குடிக்கணுமா? கோக் ஊத்தினா திட்டுவியா?"

திட்டமாட்டேன், உங்கள் காசு. ஆனால் முதல் இரண்டு மடக்காவது ராவாக, மெதுவாக. மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு இழுக்காதீர்கள், வாயை லேசாகத் திறந்து கொஞ்சம் தள்ளி மோந்து பாருங்கள். எரிச்சல் இருந்தால் நாலு சொட்டுத் தண்ணி விடுங்கள், வாசம் விரியும். நம் ஆட்கள் முக்கால் கிளாஸ் சோடா ஊற்றி ஒரே மூச்சில் இறக்கிப் பழகியவர்கள், சாராயத்தின் ருசியை மறைக்கக் கண்டுபிடித்த வழி அது. இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. குடிக்காதவர் என்றால் இதற்காகத் தொடங்காதீர்கள். என் நண்பர்களில் கிரில் மட்டும் சேகரிக்கும் இரண்டு பேர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

"தீ மூட்டும்போதே ஊத்திக்கலாமா?"

என் வீட்டில் கறி அடுப்பில் ஏறி மூடி மூடிய பிறகுதான் பாட்டில் திறக்கும். தீக்குப் பக்கத்தில் நிதானம் வேண்டும். 40 சதவீதச் சரக்கில் 44 மில்லிதான் இங்கே ஒரு அளவு என்று கணக்கு, மேலே சொன்ன 50 சதவீத வகைகளில் அதற்கும் குறைவு. கண் அளவில் ஊற்றினால் அது இரண்டு மடங்காகத்தான் விழும், அதனால் அளவுக் கிண்ணம் வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டி வந்தவருக்கு எலுமிச்சை ஜூஸ். எரியும் கரி மேல் பர்பனை ஊற்றி வீடியோ எடுப்பவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், தீ பாட்டில் வரை ஏறும்.

"பாட்டிலை இருபது வருஷம் வெச்சிருந்தா பழசாகி ருசி கூடுமா?"

கூடாது. முன்பே சொன்ன மாதிரி வேலை எல்லாம் மரத்தில்தான் நடக்கிறது, கண்ணாடிக்குள் போனதும் வயசு நின்றுவிடும். எட்டு வருஷப் பர்பனை இருபது வருஷம் அலமாரியில் வைத்தாலும் அது எட்டு வருஷப் பர்பன்தான். வைன் மாதிரி படுக்கவைக்காதீர்கள், இவ்வளவு ஆல்கஹால் பட்டால் கார்க் நைந்துபோகும். நிற்கவைத்து, வெயில் படாமல் வைக்கவும். திறந்து பாதிக்குக் கீழே போனதை ஒன்றிரண்டு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள், காற்று பட்டு வாசம் மங்கும்.

"அப்படின்னா பழைய பாட்டிலை ஏன் தேடி அலையறாங்க? பழைய சரக்கு ருசின்னு சொல்றது உண்மையா?"

பாட்டில் வயசாவதில்லை, ஆனால் செய்த முறை மாறியிருக்கிறது. 1962க்கு முன் பீப்பாயில் ஊற்றும்போது 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதற்குப் பிறகுதான் 62.5 ஆக உயர்த்தினார்கள். குறைந்த அளவில் ஊற்றினால் பிற்பாடு குறைவாகத் தண்ணி சேர்த்தால் போதும், மரத்தின் சாரம் நீர்த்துப்போகாது. தவிர 70கள், 80களில் ஜனம் வோட்காவுக்குத் தாவியதால் பர்பன் விற்காமல் கிடங்கில் கிடந்தது, மலிவு பாட்டிலுக்குள்ளும் வயசான சரக்கு போனது. இதெல்லாம் உண்மை. அதோடு "நாற்பது வருஷம் முந்தையது" என்று தெரிந்து குடிப்பவன் நாக்கு பாதி கதையைத் தானே சொல்லிக்கொள்ளும், அதுவும் உண்மை. லேபிளை மறைத்துக் குடித்தபோது நானே தோற்றிருக்கிறேன்.

"தாத்தா காலத்துப் பாட்டில் ஒண்ணு எஸ்டேட் சேல்ல பார்த்தேன். எந்த வருஷம்னு எப்படித் தெரியும்?"

கெட்டிலில் எழுத்தைப் பார்த்த மாதிரி இங்கே மூடியைப் பாருங்கள். மூடி மேல் ஒட்டிய காகித வரி முத்திரை இருந்தால் 1985க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். பாண்ட் வகைக்குப் பச்சை முத்திரை, அதில் காய்ச்சிய பருவமும் பாட்டிலில் அடைத்த பருவமும் அச்சடித்திருக்கும், அதைவிடத் தெளிவான ஜாதகம் கிடையாது. அளவு "4/5 குவார்ட்" என்று இருந்தால் 1980க்கு முன், 750 மில்லி என்றால் அதையொட்டியோ பிறகோ. கோடு கோடாகப் பார்கோடு இருந்தால் 70களின் நடுவுக்கு முன்னால் போகாது. கர்ப்பிணிகளுக்கான அரசு எச்சரிக்கை இருந்தால் 1989 கடைசிக்குப் பிறகு.

பீங்கான் குடுவை என்றால் மட்டும் கவனம். ஜிம் பீம் முதலிய பல கம்பெனிகள் 50களிலிருந்து கார், பறவை, யானை என்று பொம்மைக் குடுவைகளில் விற்றன. பீங்கான் மெருகில் ஈயம் இருந்து பல வருஷம் ஆல்கஹாலில் ஊறிக் கலந்திருக்கலாம். குடுவையை அலமாரியில் வையுங்கள், உள்ளே இருப்பதைக் குடிக்காதீர்கள்.

"பாப்பி வான் விங்கிள் மாதிரி வாங்கிப் போட்டா தங்கம் மாதிரி ஏறுமாமே?"

அது கிடைப்பதற்கரிய, விலை எகிறிய ஒரு பர்பன். ஏறும், நீங்கள் விற்க முடிந்தால். பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில் விற்றாலும் சட்ட மீறல். கென்டக்கியில் 2018 தொடக்கத்திலிருந்து உரிமம் பெற்ற கடைகளும் பார்களும் தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கலாம் என்று சட்டம் வந்தது, அது ஒரு நேர்வழி. மற்றபடி கைமாற்றில் போலி அதிகம். காலி பாட்டிலை வாங்கி மலிவுச் சரக்கை நிரப்பி மறுபடி அடைக்கிறார்கள். அதனால் அப்படிப்பட்ட பாட்டில் காலியானால் லேபிளை மார்க்கர் பேனாவால் கிறுக்கிவிட்டுத்தான் போடுவேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல். பிளாண்டன்ஸ் என்ற பர்பனின் மூடி மேல் குதிரைக்காரன் பொம்மை இருக்கும், எட்டு விதம், எட்டையும் சேர்த்தால் பெயரின் எட்டு எழுத்தும் வரும். சின்னப்பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்க்கிற மாதிரி அழகான விளையாட்டு. அதற்காகவே மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கி, பக்கத்துக் கடையில் சாதாரண ஆள் ஒன்றுகூட வாங்க முடியாமல் செய்துவிட்டார்கள். பச்சை வெபரை வாங்கி ஒரு தடவைகூடத் தீ மூட்டாமல் விலை ஏறக் காத்திருப்பவர்களும் இதே கூட்டம்தான்.

"ஊருக்குப் போறேன், மாமாவுக்கு ரெண்டு பாட்டில் கொண்டு போகலாமா?"

செக்-இன் பெட்டியில் போடலாம். 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளதை ஒருவர் ஐந்து லிட்டர் வரை விமானத்தில் எடுத்துப்போகலாம், 70க்கு மேல் அறவே கூடாது. இந்தியாவில் இறங்கினால் சுங்கவரி இல்லாமல் இரண்டு லிட்டர்தான், ஆக 750 மில்லியில் இரண்டு பாட்டில் சரியாக இருக்கும். துணிக்கு நடுவில் சுற்றிவையுங்கள். மாமா அதில் சோடா ஊற்றினால் ஒன்றும் சொல்லாதீர்கள், கொடுத்தாயிற்று.

"உங்க வீட்டம்மா எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

ஒத்துக்கொள்ளவில்லை. பத்தாவது கெட்டில் உள்ளே வந்தால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம், பாட்டிலுக்கு அந்த அலமாரிதான் எல்லை. யோசித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான், எதை வைத்துக்கொள்வது என்று அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

"அப்போ வெளியே போறதுல ஒண்ணை எனக்குக் குடுப்பீங்களா?"

ஒரு கறுப்பு இருக்கிறது, மரக் கைப்பிடி, மூடி விளிம்பில் இரண்டு சில்லு, கம்பித்தட்டு போன மாசம்தான் மாற்றினேன். காசு வேண்டாம். சனிக்கிழமை காலையில் வாருங்கள், இங்கேயே ஒரு தடவை தீ மூட்டிச் சமைத்துக் காட்டிவிட்டு எடுத்துப்போங்கள். கோழியும் கரி மூட்டையும் உங்கள் செலவு.